கிராம் அக்காவின் ஒரு பிடி

எங்கள் தீவன ஆலையில் மருந்து அளக்கிற அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. முதலாளி முதல் லாரி ஓட்டுநர் வரை எல்லாருக்கும் அவர் கிராம் அக்கா. டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் "எட்டு கிராம்" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, நான் வந்த புதிதில் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "பத்து இருக்கும்" என்று டம்ளரைத் தள்ளி வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த டீயை நானே குடித்தேன். தித்திப்பு அதிகமாகத்தான் இருந்தது.

நான் அதே ஆலையில் மூட்டை தைக்கிறேன். ஐம்பது கிலோ மூட்டைகளில் தீவனம் நிரம்பி வரும். கைத்தையல் மெஷினால் அவற்றின் வாயை மூடி அனுப்புவது என் வேலை. இத்தனை மூட்டையின் வாயைத் தைக்கிறவளுக்குத் தன் வாயைத் தைக்கத் தெரியவில்லையே என்று முதலாளி கேலி செய்வார். பதினான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மருந்தறை என்று நாங்கள் சொல்வது மிக்சருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறை. ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காது. ஒரு மேசை, ஒரு மின்தராசு, ஒரு அலமாரி, தூசி வராமலிருக்கக் கதவிடுக்கில் அடைத்த சாக்கு, அவ்வளவுதான். உப்பு, சத்துப்பொடி எல்லாம் அங்கே நிறுத்துத்தான் மிக்சருக்குப் போகும். அத்தனையிலும் அக்கா பயந்து பயந்து தொடுவது ஒன்றைத்தான். அது ரத்தக்கழிச்சல் மருந்து.

கறிக்கோழி வளர்க்கிறவர்களிடம் அந்த நோயின் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத கிருமி அது. ஈர உமியில் பெருகும். குஞ்சு கொத்துகிறபோது உள்ளே போய்க் குடலைப் புண்ணாக்கிவிடும். எச்சத்தில் ரத்தத்தைப் பார்க்கிற அன்றைக்குப் பாதிக் கொட்டகையை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் வருவதற்கு முன்பே தீனியில் கொஞ்சம் மருந்தைக் கலந்துவிடுவார்கள். கோழியைக் கறிக்குப் பிடிப்பதற்குச் சில நாள் முன்பு மருந்தில்லாத தீனிக்கு மாற்றிவிடுவார்கள். எங்கள் ஆலை வாங்குகிற பொடி ஒரு டன் தீனிக்கு அரை கிலோ. குறைந்தால் நோயைத் தடுக்காது. மிஞ்சினால் அதுவே விஷம். கோழியின் தசையையும் நெஞ்சையும் பிடித்துவிடும், கால் விழுந்துவிடும். நடுவில் இருக்கிற இடம் ரொம்பக் குறுகலானது. அந்தக் குறுகலில்தான் அக்கா இருபத்திரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தார்.

பாக்கெட்டின் மேலேயே அரை கிலோ என்று அச்சடித்திருக்கும். அக்கா அதை நம்ப மாட்டார். வெட்டி, தட்டில் கொட்டி, நிறுத்துப் பார்த்து, இரண்டு கிராம் கூடினால் இரண்டு கிராமைத் திருப்பி எடுப்பார். பிறகு பத்துக் கிலோ மக்காச்சோள மாவோடு ஒரு தொட்டியில் கையால் பிசறி, மிக்சர் ஓட்டுகிறவரிடம் கொடுப்பார். நேராக மிக்சரில் கொட்டினால் ஒரு மூட்டையில் அதிகமாகவும் ஒரு மூட்டையில் ஒன்றுமில்லாமலும் போய்விடுமாம்.

வெளியிலும் அப்படித்தான். காய்க்கடையில் நிறுத்துப் போட்ட பிறகு கடைக்காரர் கொசுறாக நாலு மிளகாய் போட்டால், அக்கா அதை எடுத்துத் தட்டிலேயே வைத்துவிடுவார். "எனக்குக் கேட்டதுதான் வேணும்." உலகத்தில் கொசுறை வேண்டாம் என்கிற ஒரே பெண்பிள்ளை இவர்தான் என்று அந்தக் கடைக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நானோ கொசுறு போடாத கடைக்கு இரண்டாம் தடவை போகாதவள். எங்கள் சிநேகம் எப்படி இத்தனை வருடம் ஓடியது என்று எனக்கே தெரியவில்லை.

அக்காவுக்கு ஒரு தம்பி. பதினோரு வயது இளையவன். சொந்தமாகக் கொட்டகை போட்டு ஆயிரத்து ஐந்நூறு குஞ்சு விட்டான். எங்கள் ஆலையில் தீனி வாங்கினால் அக்காவுக்காகக் குறைத்துக் கேட்கிறான் என்று முதலாளி நினைப்பாரோ என்ற ரோஷத்தில், முதல் தடவை வேறெங்கோ வாங்கினான். அதில் மருந்து இருந்ததோ இல்லையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பதினெட்டாம் நாள் எச்சத்தில் ரத்தம் தெரிந்தது. இருபத்தைந்தாம் நாள் கொட்டகையில் எண்ணூறு கோழி இல்லை. அக்கா அங்கே போயிருந்தபோது அவன் செத்த கோழிகளைப் புதைத்த குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதானாம். நாற்பது வயது ஆள். அதை என்னிடம் சொல்லும்போது அக்கா தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமாக இருந்த தராசு அது.

அடுத்த தடவை தீனி எங்கள் ஆலையில்தான் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, புது உமி போட்டு, அவன் மறுபடியும் ஆயிரத்து ஐந்நூறு குஞ்சு விட்டான். இந்த முறையும் போனால் கொட்டகையைப் பிரித்துவிட்டு எங்காவது கூலிக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். அவள் அதை அக்காவிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவனுடைய லாட்டு, அதாவது அவனுக்கென்று கலக்கிற தீனி, ஒரு திங்கட்கிழமை மிக்சரில் ஓடியது. ஒரு டன், இருபது மூட்டை. குஞ்சுகளுக்கு அன்று பதினைந்து நாள். நூல்கண்டு எடுக்க நான் மருந்தறைக்குள் நுழைந்தேன். அக்கா ஐந்நூறு கிராமை நிறுத்துத் தொட்டியில் கொட்டிவிட்டார். அதோடு நிற்கவில்லை. அலமாரியில் முந்தின லாட்டில் மிஞ்சிய கால் கிலோ பொடி ஒரு டப்பாவில் இருந்தது. அதைத் திறந்து, கையை விட்டு, ஒரு பிடி அள்ளித் தொட்டியில் போட்டார். தராசுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, கொசுறா?"

"தம்பி லாட்டு" என்றார். காது சிவந்துவிட்டது. "வெளிய சொல்லிடாத."

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. சிரித்துக்கொண்டே நூல்கண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "வேண்டாம்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிற நேரத்தில் தம்பியின் போன் வந்தது. அக்காவின் கையெல்லாம் மாவு. நான்தான் பொத்தானை அழுத்தி, சத்தமாகக் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தேன்.

"அக்கா, கோழிங்க சரியில்ல. நேத்து சாயங்காலம் நாலஞ்சு உட்கார்ந்தே இருந்துச்சு. இப்போ எண்ணிப் பார்த்தா முப்பதுக்கு மேல. எழுந்திரிக்கவே முடியல. காலைப் பின்னாடி நீட்டிக்கிட்டு, நெஞ்சு தரையில பட அப்படியே கிடக்குது. ஆறு செத்துப்போச்சு."

"எச்சத்துல ரத்தம் இருக்கா?"

"இன்னும் இல்ல. ஆனா அந்தச் சனியன்தான் திரும்ப வருது. போன தடவையும் முதல்ல சோர்ந்துதானே படுத்துச்சு. நல்லவேளை இந்தத் தடவை உன் தீனி இருக்கு. மருந்து நல்லா உள்ள போகட்டும்னு தட்டைக் காலியாவே விடல."

அக்காவின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன்.

"டாக்டரைக் கூப்பிடு" என்றார். "உடனே கூப்பிடு." கட்டைவிரலால் போனை அணைத்துவிட்டார். திரையில் மாவு ஒட்டியது.

"தீனியை நிறுத்தச் சொல்லலையே அக்கா!"

"ஏன்னு கேப்பான்."

"கேக்கட்டுமே!"

 அக்கா எழுந்துபோய் அந்த டப்பாவை எடுத்தார். மிஞ்சியிருந்த பொடியைத் தட்டில் கொட்டி நிறுத்தார். நூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று ஐம்பதில் அது போக நூற்று முப்பத்தெட்டு. அவர் அள்ளிய பிடியின் எடை அதுதான். "அறுநூத்தி முப்பத்தெட்டுக்குக் கால் விழாது" என்று அவருக்கே சொல்லிக்கொண்டார். "எடை குறையலாம். ஆனா இப்படிக் காலை நீட்டிக்கிட்டுக் கிடக்காது." ஒரு நிமிடம் முகத்தில் உயிர் வந்தது. எனக்கும் மூச்சு வந்தது. வேறு ஏதோ சீக்கு, நம் தலையில் விழாது என்று நான் நினைத்ததை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அக்கா அதோடு விடவில்லை. அலமாரியில் இருந்த பாக்கெட்டுகளை எண்ணினார். நோட்டைப் பார்த்தார். இருபத்து மூன்று இருக்க வேண்டும். இருபத்திரண்டு இருந்தது. கீழே இறக்கி வைத்து மறுபடி எண்ணினார். என்னையும் எண்ணச் சொன்னார். இருபத்திரண்டுதான்.

மிக்சர் ஓட்டுகிறவரை நாங்கள் சைரன் அண்ணன் என்போம். முப்பது வருடம் அந்த இரைச்சலில் நின்று காது மந்தமாகி, ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார். அக்கா அவர் முன்னால் போய் நின்று ஒரு விரலைக் காட்டி, "ஒரு பாக்கெட் குறையுது அண்ணே" என்றார்.

"அதுவா! நான்தான் எடுத்தேன்!" அவர் முகம் மலர்ந்தது. "திங்கக்கிழமை நீ கை கழுவப் போயிருந்த தங்கச்சி. சாவி கதவுலயே தொங்குச்சு. உன் தம்பி லாட்டாச்சே, போன தடவை அந்தப் பையன் பட்டது போதாதா, ஒரு பாக்கெட் கொசுறா இருக்கட்டும்னு மிக்சர்ல கொட்டிட்டேன். உன்கிட்ட சொன்னா நீ ஒத்துக்குவியா? கிராம் கணக்குல்ல பேசுவே!" சிரித்தார். "கோழி எப்படி இருக்கு?"

அக்கா அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அதுக்கப்புறம் மிக்சரைக் கழுவி ஓட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் எப்போதும் போல, அடுத்த லாட்டில் மருந்து ஒட்டாமலிருக்க வெறும் மக்காச்சோளத்தை ஓட்டிக் கழித்திருந்தார். அக்கா தலையாட்டிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை. அவன் மனைவிக்கு. அவளும் எடுக்கவில்லை. கொட்டகைக்குள் இருக்கும்போது போனை வெளியே ஆணியில் மாட்டிவிடுவார்கள்.

என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அரை மணி நேர ஓட்டம். பாதி வழியில் ஒரு மண் லாரி பாதையை அடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டம் காட்டியது. நான் இறங்கி அந்த ஓட்டுநரைக் கேட்ட கேள்வியில் அவர் ஓரமாக ஒதுங்கிவிட்டார். அக்கா பின்னால் உட்கார்ந்து என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். நிமிடத்துக்கு ஒரு தடவை போன் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு நிமிடமும் அங்கே ஆயிரத்து ஐந்நூறு அலகு அந்தத் தீனியைக் கொத்திக்கொண்டிருந்தது. 

"அக்கா, ஒண்ணு சொல்றேன். கோபப்படாதீங்க" என்றேன். "உங்க ஒரு பிடியால இது ஆகல. நீங்களே சொன்னீங்க. அந்த முழுப் பாக்கெட்டுதான் சாய்ச்சிருக்கு. அதை மட்டும் சொன்னா போதும். பொய்யும் இல்ல. பிடியைப் பத்தி எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். நான் சொல்ல மாட்டேன்."

 தோளில் இருந்த அக்காவின் பிடி இன்னும் இறுகியது. நல்ல யோசனை சொல்லிவிட்டேன் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது அவன் மனைவியை. ஒரு மூலையில் அட்டையை வளைத்துத் தடுப்புக் கட்டி, விழுந்த கோழிகளையெல்லாம் அதற்குள் சேர்த்திருந்தாள். கால்கள் பின்னால் நீண்டு, இறக்கைகள் சரிந்து, எல்லாம் நெஞ்சால் தரையை அழுத்திக்கொண்டு கிடந்தன. அவள் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீரில் குழைத்த எதையோ சின்னக் கரண்டியால் ஒவ்வொன்றின் அலகிலும் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி" என்றாள். அக்காவைப் பார்த்ததும் அவளுக்குப் பாதிக் கவலை போய்விட்டது தெரிந்தது. "இதுங்களால தட்டுகிட்ட நடந்து போக முடியல. அப்புறம் மருந்து எப்படி உள்ள போகும்? அதான் நீங்க அனுப்பின தீனியையே கூழாக் கரைச்சு ஊட்டறேன். காலையிலேர்ந்து ஒரு சுத்து முடிஞ்சிடுச்சு. இது ரெண்டாவது."

அக்கா ஓடிப்போய்க் கரண்டியைப் பிடுங்கினார். அவள் மிரண்டு போனாள்.

கோழி டாக்டர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். முப்பது வயது இருக்கும் பெண், முழங்கால் வரை ரப்பர் காலணி. வாசலோரம் ஒரு பலகையில் செத்த கோழி ஒன்றை அறுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கையில் தண்ணீர்க் குவளையோடு பக்கத்தில் நின்றான்.

"குடல் சுத்தமா இருக்கு. ரத்தமே இல்ல. இது ரத்தக்கழிச்சல் இல்லீங்க" என்றார் டாக்டர். "நெஞ்சைப் பாருங்க, வெளுத்திருக்கு. தீனியில மருந்து எவ்வளவு கலந்திருக்கு?"

"அதுல பிரச்சினையே இருக்காது டாக்டர்" என்றான் தம்பி. அக்காவைப் பார்த்துவிட்டான். முகம் தெளிந்தது. "இதோ, எங்கக்காதான் அளந்தது. இவங்க அளந்தா ஒரு கிராம் பிசகாது. வேணும்னா கேட்டுக்குங்க."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாக்கெட்டை மட்டும் சொல்லுங்கள், பாக்கெட்டை மட்டும் சொல்லுங்கள் என்று எனக்குள் அடித்துக்கொண்டேன்.

"டன்னுக்கு ஆயிரத்து நூத்தி முப்பத்தெட்டு கிராம்" என்றார் அக்கா.

டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். "அரை கிலோதானே போடணும்?"

"ஐந்நூறு நிறுத்துப் போட்டேன். ஐந்நூறு என் அறையிலேர்ந்து எனக்குத் தெரியாமப் போய்க் கலந்துடுச்சு. சாவியை நான் கதவுல விட்டுட்டுப் போனதால." அக்காவின் குரல் கணக்கு வாசிக்கிற மாதிரிதான் இருந்தது. கை மட்டும் புடவை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தது. "மீதி நூத்தி முப்பத்தெட்டு நான் கையால அள்ளிப் போட்டது. அளக்கல."

தம்பிக்குப் புரிய நேரம் எடுத்தது. "அளக்கலயா?" என்றான். "நீயா?"

"உனக்குன்னு போட்டேன்டா" என்றார் அக்கா. 

டாக்டர் அதற்குள் கொட்டகைக்குள் நடந்துவிட்டார். "எல்லாத் தட்டையும் தூக்குங்க. ஒரு மணித் தீனிகூடத் தரையில கிடக்கக் கூடாது. தண்ணியில கலக்க ஊட்டச்சத்து மருந்து தரேன். இந்த வாரம் முழுக்க மருந்தே இல்லாத தீனி." நாங்கள் நான்கு பேரும் தட்டுகளைத் தூக்கித் தூக்கி வெளியே கவிழ்த்தோம். பசியோடு இருந்த குஞ்சுகள் காலுக்குள் ஓடி வந்து கத்தின. பதினொரு மூட்டை இன்னும் பிரிக்காமல் இருந்தது. அத்தனையும் நான் தைத்த வாய்கள். தம்பி ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டான். அக்கா ஒரு முனையைப் பிடிக்கப் போனார். அவன் கையால் விலக்கினான். தள்ளவில்லை, விலக்கினான். தள்ளியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அப்போதுதான் அவன் மனைவி வந்தாள். கூழ்க் கிண்ணம் இன்னும் கையில் இருந்தது.

"அண்ணி, அப்போ நான் ஊட்டினது?"

கையிலிருந்த கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நாப்பது கோழிக்கும் ஊட்டினேன் அண்ணி. ரொம்ப முடியாததுக்கு ரெண்டு கரண்டி அதிகமா ஊட்டினேன். அதுங்கதான் முதல்ல..." 

வழியெல்லாம் தம்பியின் கோபத்தை நினைத்துத்தான் அக்கா நடுங்கிக்கொண்டு வந்தார். அடி இந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நினைக்கவே இல்லை. கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ ஊட்டலம்மா" என்றார். "உன் கையைப் பிடிச்சு நான் ஊட்டியிருக்கேன். அது உன் கணக்குல வராது." சொல்லிவிட்டு அந்த உமியிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி உட்காரவில்லை. பக்கத்துக் கொட்டகையில் மருந்தில்லாத தீனி இரண்டு மூட்டை கடனாகக் கிடைக்குமா என்று கேட்கப் போய்விட்டான்.

அன்று மாலையே முதலாளியிடம் அக்கா அதே எண்ணை அதே குரலில் சொன்னார். அவர் வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து சைரன் அண்ணன், "பாக்கெட் கொட்டினது நான்தான்! தங்கச்சியை ஒண்ணும் சொல்லாதீங்க!" என்று கத்தினார். மூன்று தெரு தள்ளி இருக்கிற டீக்கடை வரை கேட்டிருக்கும். நானும் உள்ளே போய், பிடியைப் பார்த்தவள் நான், சிரித்துவிட்டுப் போனவள் நான் என்றேன். முதலாளி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் ஆலையில அன்பு கொஞ்சம் அதிகமாப் போச்சு" என்றார். சிரிக்கவில்லை. சைரன் அண்ணன் மருந்தறை வாசலை மிதிக்கக் கூடாது. அக்கா அளக்கும்போது நான் பக்கத்தில் நின்று தராசைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கறிக்கோழித் தீனிக்கு மட்டும் மறு உத்தரவு வரை அக்கா மருந்து தொடக் கூடாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் சாப்பாட்டு நேரத்தால்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். தினமும் மத்தியானம், அன்றைக்குச் செத்தது எத்தனை என்று சொல்லத் தம்பியின் போன் வரும். வெள்ளிக்கிழமை, "நாப்பத்தொண்ணு" என்றான். அத்தோடு வைத்துவிட்டான். சனிக்கிழமை, "முப்பத்தாறு." ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை, நான் அக்கா வீட்டுக்கே போய் உட்கார்ந்திருந்தேன். "ஒன்பது." எண் மட்டும்தான். கூப்பிடும்போது ஒரு முறையும் அக்கா என்று சொல்லவில்லை. பொண்டாட்டி போன் பண்ணினால்கூடப் பின்னாலிருந்து "அக்காவா?" என்று கத்துகிறவன். அக்கா எண்ணைக் கேட்டுக்கொண்டு, கட்டான போனைக் காதிலேயே வைத்திருப்பார்.

இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து மழை. உமி ஈரமாகும். தீனியில் இப்போது மருந்தே இல்லை. விழுந்தவை எழுந்து நிற்பதற்குள் ரத்தக்கழிச்சல் புகுந்துவிட்டால்? அக்கா தினமும் வேலை முடிந்ததும் பஸ் ஏறி அங்கே போனார். தம்பி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குக் கொட்டகையில் குனிந்து குனிந்து எச்சத்தைப் பார்ப்பார். ஈர உமியைக் கூடையில் அள்ளி வெளியே கொட்டுவார். காய்ந்த உமியைப் பரப்புவார். அவன் மனைவி டீ கொடுத்தால் குடிப்பார். சர்க்கரை எவ்வளவு என்று அவர் சொல்லவில்லையாம்.

திங்கட்கிழமை எண் இரண்டு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தபோது அக்கா அதைச் சத்தமாகக் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார்.

"இன்னைக்கு ஒண்ணும் சாகல" என்றான் தம்பி.

அவன் போனை வைக்கிற 'டக்' சத்தத்துக்கு நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. கொட்டகைக் கூரையில் மழை விழுவது போனில் கேட்டது.

"விழுந்ததுல எண்பது எழுந்து நடக்குது. காலையில டாக்டர் வந்தாங்க. எச்சத்துல ரத்தம் இல்ல. ஆனா ஈரமா இருக்கு, இதுக்கு மேல மருந்து இல்லாம விடக் கூடாதுன்னாங்க. நாளையிலேர்ந்து மருந்துத் தீனி ஆரம்பிக்கணும். பழைய அளவு."

"சரி" என்றார் அக்கா.  "முதலாளிகிட்ட சொல்லி வேற ஆள் அளக்க ஏற்பாடு பண்றேன்."

"அவர்கிட்ட நான் பேசிட்டேன். வேற ஆள் வேணாம்னு சொல்லிட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"எவ்வளவு போடுவே?" என்று கேட்டான். கறாரான குரல்.

"அரை கிலோ."

"சரியாச் சொல்லு."

"ஐந்நூறு கிராம்."

"அதுக்கு மேல?"

"ஒரு கிராம்கூட இல்ல."



"சரிக்கா" என்றான்.